விடியக்காலை 4 மணியும் இரண்டு ஆம்பியூலும்

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு 31 வயது, சொந்த ஊர் கம்பம் பக்கம். மலைமேல் இடுக்கி மாவட்ட எல்லையில் ஒரு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டிக்கு இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா. போன மாதம் ஒரு நைட்டில் மூன்று டெலிவரி, ஒரு சிசேரியன். அன்று காலை 6 மணிக்கு எழுந்தவள், பகலில் கண் அசரவே இல்லை. விடியக்காலை 4 மணிக்கு, பிரஷர் அதிகமாக இருந்த ஒரு ஏலத்தோட்டத்துப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும், ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்சிடோசினுக்குப் பதிலாக, அதே வேலைக்கான, ஆனால் பிரஷரை ஏற்றிவிடும் மெதர்ஜினை உடைத்து சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜூனியர் பெண் "சேச்சி, அது மெதர்ஜின் அல்லே?" என்று கேட்டாள். அதனால் போடவில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து கை நடுங்குகிறது. அடுத்த நாள் ஆள் வரவில்லை என்று மதியம் 2 மணி வரை நிற்கச் சொன்னார்கள். மாதத்தில் நாலைந்து முறை இப்படித்தான். முடிந்ததும் ஸ்கூட்டியில் மலை இறங்கி வீட்டுக்குப் போகிறேன். வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான், உட்கார்ந்தால்கூடக் கூப்பிட்டுவிடுவார்கள். நாலு வயது மகன் மாமியாரைத்தான் அம்மா என்கிறான். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? விட்டுவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கு)

அன்புள்ள மகளுக்கு,

மகள் வயசு என்பதால் நீ என்றே எழுதுகிறேன். 33 வருடம் நர்ஸாக இருந்து, கடைசியில் நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் லேபர் வார்டில்தான் போனது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அந்த ஜூனியர் பெண் கேட்டதும் நீ கையை நிறுத்தினாய். "எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டுப் போட்ட சீனியர்களை நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் அவள் பயப்படாமல் கேட்டாள் என்றால், கேட்கலாம் என்ற தைரியத்தை ஆறு வருடத்தில் நீதான் அந்த வார்டில் உண்டாக்கியிருக்கிறாய். அன்றைக்கு அந்தத் தாயைக் காப்பாற்றியதில் உனக்கும் பங்கு இருக்கிறது. இதைப் படித்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போகாதே, இன்னொரு தடவை படி.

சரி, இப்போது அந்த 4 மணிக்கு வருவோம். ஆக்சிடோசினும் மெதர்ஜினும் இரண்டுமே ஒரு மில்லி ஆம்பியூல், சின்னக் கண்ணாடிக் குப்பி. இரண்டும் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. பெரும்பாலான வார்டுகளில் ஒரே ஃப்ரிட்ஜில், ஒரே சின்ன டிரேயில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தசையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுக்கிறாய். வார்டுச் சூட்டில் ஆம்பியூல்மேல் பனி பூத்துவிடும், எழுத்து தெரியாது. மெதர்ஜின் கண்ணாடி பழுப்பு நிறம்தான். ஆனால் வெளிச்சம் குறைந்த மூலையில், கையில் ரத்தமும் கிளவுஸுமாக, ஒரு காதில் குழந்தை அழுதுவிட்டதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு நிறம் எங்கே தெரியும்? பிரஷர் இருக்கிற தாய்க்கு மெதர்ஜின் எவ்வளவு ஆபத்து என்பது உனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாய். அறிவு இல்லாமல் நடந்த தப்பு அல்ல இது.

கணக்குப் போட்டுப் பார். காலை 6 மணிக்கு எழுந்தவள் மறுநாள் 4 மணிக்கு 22 மணி நேரம் விழித்திருக்கிறாய். 1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குப் பக்கத்தில் போகிறது. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். போதாக்குறைக்கு, விடியக்காலை 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்புச் சூடே இறங்கி, மூளை தன்னால் மந்தமாகிற நேரம். அந்த நிலையில் உன்னை நிறுத்தி வைத்து, பனி பூத்த ஆம்பியூலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நீ லாயக்கில்லாதவள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

அதே கணக்கில் மதியம் 2 மணிக்கு உனக்கு 32 மணி நேரம். அப்புறம் ஸ்கூட்டியில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறாய். ஏலத்தோட்ட ஜீப்புகள் அந்த ரோட்டில் எப்படி வரும் என்று உனக்கே தெரியும். மகளே, உன் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது மெதர்ஜின் இல்லை, இந்த ஸ்கூட்டிதான். நைட் முடிந்து நேரே வந்தாலும் சரி, டபுள் டியூட்டி முடித்து வந்தாலும் சரி, இனிமேல் பஸ்ஸில் இறங்கு. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால் டியூட்டி ரூமில் படுத்துத் தூங்கிவிட்டு வா. வீட்டில் கோபித்தால் இந்தப் பத்தியைக் காட்டு.

இனி, "யாருக்கும் தெரியாது" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி. இதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். தொடர்ந்து ஐந்தாவது நைட். ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கூட்ட ஆக்சிடோசின் டிரிப் போட்டு, சொட்டு எண்ணி வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் அம்மா வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார். "தாயி, இது சொட்டுச் சொட்டா விழலையே, ஒழுகுதே." ஓடிப் போய்ப் பார்த்தால் சொட்டைக் கட்டுப்படுத்தும் ரோலர் இளகி, மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வயிறு கல்லு மாதிரி இறுகியே நிற்கிறது, இடையில் தளரவே இல்லை. டிரிப்பை மூடி, இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, குழந்தையின் நாடித்துடிப்பு பழையபடி ஏறும்வரை என் துடிப்பு எனக்குக் கேட்டது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள். நான் சொட்டைச் சரியாக எண்ணவில்லை என்று நினைத்து, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அதே வார்டில் என் தோழி ஒருத்தியின் கையில் அதே மாதிரி நடந்தது. அந்தக் குழந்தை பிறந்ததும் அழவில்லை. மூச்சு வரவைக்கப் பெரிய போராட்டம். அப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அந்த முறை வந்திருந்த டிரிப் செட்டில் பல ரோலர்கள் பிடித்த இடத்தில் நிற்கவில்லை. நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் பெட்டி ஸ்டோருக்குத் திரும்பிப் போயிருக்கும். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்தத் தோழியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதனால் நீ சொல்ல வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டரிடம், முடிந்தால் அந்த ஜூனியர் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல். "தப்புப் பண்ணிட்டேன்" என்று அழுதுகொண்டு போகாதே. "இரண்டு ஆம்பியூலும் ஒரே டிரேயில் இருக்கிறது, மாறிப்போகப் பார்த்தது, இந்தப் பெண் பார்த்துச் சொன்னதால் தப்பித்தோம், பிரித்து வைக்கலாம்" என்று சொல். நீ வேலை பார்க்கிற கேரளத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் கேஸ்களை ரகசியமாக ஆராய்கிறது. தாயின் பெயர், டாக்டரின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, என்ன நடந்தது, அடுத்த தடவை எதை மாற்றலாம் என்று மட்டும் பார்க்கிறார்கள். 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுவதற்கும் 97. அந்த 19-க்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. தப்பை மறைக்காமல் மேசைமேல் வைத்துப் பேசும் இந்தப் பழக்கமும் அதில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வார்டில் நாளைக்கே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. மெதர்ஜினை அந்த டிரேயிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் வேறு தட்டில், மூடி போட்ட டப்பாவில் வை. மூடிமேல் சிவப்பு எழுத்தில் "பிரஷர் பார்த்தாயா?" என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டு. தலை தெரிய ஆரம்பிக்கும்போதே ஆக்சிடோசினை சிரிஞ்சில் ஏற்றி, பெயர் எழுதி ஒட்டி, டெலிவரி டிரேயில் வைத்துவிடு. பெயர் ஒட்டாத சிரிஞ்ச் யார் வைத்ததாக இருந்தாலும் குப்பைக்குப் போகட்டும். ஊசி போடும் முன் மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல், பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்லட்டும். ஆயாம்மாவானாலும் பரவாயில்லை. ஆம்பியூலில் இருக்கும் எழுத்து உன் வாயிலிருந்து வரும்போது உன் காதே உன்னைத் தடுக்கும். பிரஷர் உள்ள தாயின் கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுது. விடியக்காலையில் ஞாபகத்தை நம்பக் கூடாது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையைச் சுவருக்கும் பேப்பருக்கும் கொடுத்துவிடு.

அப்புறம் அந்தத் தமிழ் விஷயம். இதை நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய், எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. தோட்டத்துப் பெண் ஒருத்தி "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது", "நெஞ்சுக்குழிகிட்ட பிடிக்குது" என்று சொன்னால், அது பிரஷர் ஏறி வலிப்பு வரப் போகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். அதைப் புரிந்து டாக்டரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்தான். டாக்டர் "வெள்ளம் போயோ?" என்று கேட்டால், பனிக்குடம் உடைந்ததைத்தான் கேட்கிறார் என்று அந்தப் பெண்ணுக்கும் யாராவது சொல்ல வேண்டும்தான். ஆனால் அது தனியாக ஒரு வேலை, நீ அதைச் சம்பளமில்லாமல், உட்காரும் அந்தப் பத்து நிமிடத்திலும் செய்துகொண்டிருக்கிறாய். இருபது வாக்கியம் எழுது. "எப்போதிலிருந்து வலிக்கிறது?", "தலைவலி இருக்கிறதா?", "கண் மங்குகிறதா?", "பிள்ளை அசைகிறதா?", "தண்ணி போய்விட்டதா?" என்று தமிழ் வாக்கியங்களை மலையாள எழுத்தில் எழுதி, பக்கத்தில் மலையாள அர்த்தமும் போட்டு, லேபர் ரூம் சுவரில் ஒட்டு. தோட்டத்துப் பெண்கள் சொல்லும் வார்த்தைகளையும் அதிலேயே சேர். ஒரு மாதத்தில் அந்த மலையாளப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் அவசரம் என்றால் கூப்பிடட்டும், மற்றதற்கு நீ எழுந்திருக்காதே.

டபுள் டியூட்டியைப் பற்றி. "முடியாது" என்று மொட்டையாகச் சொன்னால் சண்டை வரும், நீயும் பழகிய முகங்களைப் பார்த்து இறங்கிப்போவாய். எண்ணிக்கையைச் சொல். "மேடம், நான் 26 மணி நேரமாகத் தூங்கவில்லை. ஆள் வரும்வரை நிற்கிறேன், ஆனால் ஊசியும் மருந்தும் என் கையில் வேண்டாம், பிரஷர் பார்ப்பது, குழந்தைக்குப் பால் கொடுக்க உதவுவது, ரெஜிஸ்டர் எழுதுவது செய்கிறேன்." இதைச் சொல்வது உன் உரிமை மட்டும் இல்லை, தாய்மாருக்கு நீ செய்யும் கடமையும்தான். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை டெலிவரி, எத்தனை பேர் டியூட்டியில், யார் நிற்கச் சொன்னது, எல்லாம் எழுது. பிரசவ மேசை ஒன்றுக்கு ஒரு நர்ஸ் என்பதும், லீவு எடுப்பவர்களுக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் வைக்க வேண்டும் என்பதும் நம் நாட்டில் ரொம்ப நாளாக இருக்கும் கணக்குத்தான். "ஆள் வரவில்லை" என்பது மாதம் நாலைந்து முறை நடந்தால், வராதவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, ஆள் போடாததுதான் காரணம். மூன்று மாத நோட்டோடு நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். தனியாகப் போகாதே. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது. காலை, மதியம் ஆறாறு மணி நேரம், நைட் 12 மணி நேரம் என்று நீ பார்க்கும் இந்த ஷிஃப்ட் முறையும் யாரும் தானாகக் கொடுத்ததில்லை. 2011, 2012-இல் கேரளத்து நர்ஸ்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டவற்றில் ஒழுங்கான மூன்று ஷிஃப்டும் ஒன்று.

தூக்கத்துக்கு வருவோம். நைட் தொடங்கும் நாளில் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்தே ஆக வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் இருட்டு ரூமில் படு. வார்டில் நீயும் அந்தப் பெண்ணும் பேசிவைத்துக்கொண்டு, வலியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து 20 நிமிடம் மாறி மாறிக் கண்ணை மூடுங்கள், அலாரம் வைத்து. முழித்ததும் முகம் கழுவி ஐந்து நிமிடம் நடந்த பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும். காப்பியை ராத்திரி 2 மணியோடு நிறுத்து. அது உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், வீட்டில் போய்ப் படுத்தால் கொட்டக் கொட்ட முழித்திருப்பாய். 3 மணிக்குப் பரோட்டா வேண்டாம், இட்லியோ மோர்சாதமோ போதும். ஒன்றுக்குப் போவதை அடக்காதே. இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் நம்மில் பாதிப் பேர் அதில்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டோம்.

தினமும் கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் பார்க்கிறாயே, உனக்கு எப்போது பார்த்தாய்? இந்த வாரம் அதையும் தைராய்டையும் பார்த்துவிடு. கை நடுக்கம் பயத்தில் வந்ததா, உடம்பில் வந்ததா என்று தெரிந்துவிடும். ஆஃப் நாளிலும் தூக்கம் வராமல், அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

மகன் விஷயத்தில் உன்னை வருத்திக்கொள்ளாதே. பாட்டியை அம்மா என்று கூப்பிடும் பிள்ளைக்கு இரண்டு அம்மா, அவ்வளவுதான். நைட் முடிந்து வந்ததும் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்து விளையாடாதே. தூங்கி எழுந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் போனைத் தள்ளி வைத்துவிட்டு அவனோடு இரு. மாமியாரிடம் "பகலில் ஆறு மணி நேரம் என்னை எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை" என்று வாய்விட்டுக் கேள். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு உன் தூக்கத்தையும் காவல் காப்பது அவருக்கும் சிரமம்தான், அதையும் அவரிடமே சொல். அவர் உனக்கு எதிரி என்று உன் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை.

வேலையை விடுவதா? நைட் முடிந்த காலையில் அதை முடிவு செய்யாதே. நான் நாலு தடவை ராஜினாமா எழுதினேன், நாலும் நைட் முடிந்த காலையில் எழுதியது. தொடர்ந்து மூன்று ராத்திரி வீட்டில் தூங்கு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், அது நியாயமான முடிவு. ஓபி, குழந்தைகள் வார்டு, கீழே கம்பத்திலோ தேனியிலோ வேலை என்று வழி இருக்கிறது, அதில் தோல்வி எதுவும் இல்லை. இன்சார்ஜிடம் சொன்ன பிறகும் ஃப்ரிட்ஜ் மாறவில்லை, டபுள் டியூட்டி குறையவில்லை என்றால், அப்போது நானே சொல்வேன், கிளம்பி வந்துவிடு என்று.

அதற்குள் இந்த வாரம் அந்த டிரேயைப் பிரித்துவிடு. மெதர்ஜின் எந்தத் தட்டுக்குப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுது. அந்த ஜூனியர் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்.